அட்டை எண் ஏழில் ஓர் ஆள்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த களைப்பில் மனித குலம் சில ஆயிரம் ஆண்டுகள் ஓய்வெடுத்துக்கொண்டது. அந்த ஓய்வை முடித்துவைத்து வரலாற்றை மறுபடியும் தட்டி எழுப்பிய பெருமை 'கூட்டுக் கைவினை அஞ்சலட்டைப் பேரவை'யையே சேரும். இது நம் சொந்தக் கருத்து அல்ல. பேரவையின் தலைவர் தம் கைப்பட எழுதி, தாமே முன்மொழிந்து, வேறு யாரும் வாய் திறப்பதற்குள் தாமே வழிமொழிந்து, மினிட்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டச் செய்த வாசகம்.

ஒட்டியவள் பேரவையின் செயலாளர். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு குப்பி. பதினெட்டு வருஷத்தில் ஒருவருடைய சர்க்கரையை இன்னொருவர் தலையில் கட்டியதில்லை. அதனால் எல்லோருக்கும் அவள் 'ஒட்டக்கா'. அவசரமாகக் கூப்பிடுகிறவர்கள் வாயில் அது ஒட்டகமாகிவிடும். கழுத்து சற்று நீளம் என்பதால் அவளும் ஆட்சேபித்ததில்லை.

பேரவை பிறந்த இடம் ஒரு பல் மருத்துவமனையின் நாற்காலி. கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது ஒட்டக்காவின் புடவைத் தலைப்பில் நீலக் காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டியிருப்பதைப் பல் டாக்டரம்மா பார்த்தார்.

"என்ன இது? காகிதம் வெட்டி ஒட்டுவீங்களா?"

"ஆ."

"படமா?"

"ஆ... ஆ."

"நானும் வரைவேன். ஆனா பாதியிலேயே நின்னுடும். மீதியை நீங்க ஒட்டுவீங்களா? தபால்ல அனுப்பறேன்."

வாயில் பஞ்சும் குழாயுமாக இருந்தவளால் மறுக்க முடியவில்லை. நான்காம் நாள் ஒரு கெட்டி அட்டை வந்தது. ஒரு பக்கம் அரை மீன். மறுபக்கம் முகவரி. ஒட்டக்கா மீதி மீனைக் குடையாக ஒட்டி அனுப்பினாள். அடுத்த வாரம் அந்தக் குடைக்குக் கீழே ஒரு பல்செட் சிரித்துக்கொண்டு வந்தது. தபால்காரரிடமிருந்து அதை வாங்கிப் பார்த்து, வாசலிலேயே நின்று அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

இரண்டு பேர் சந்தோஷமாக இருந்தால் அதற்கு ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. இது இயற்கை நியதி. பல் டாக்டரம்மாவிடம் பல் கட்ட வந்த ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர் மேஜைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். "இதுக்கு ரிஜிஸ்டர் எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் பேரவை பிறந்தது; கேட்டவரே தலைவரானார்.

ஒரே மாதத்தில் ஒன்பது உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். ஒவ்வோர் அட்டையும் தபாலிலேயே ஒன்பது பேரிடமும் போக வேண்டும். ஒவ்வொருவரும் ஓர் 'அடுக்கு' சேர்க்க வேண்டும். யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. "கலையில் 'நான்' கிடையாது, 'நாம்' மட்டும்தான்" என்று தலைவர் அறிவித்தார். அறிவிப்பின் கீழே பெரிய கையெழுத்துப் போட்டார்.

அட்டையைக் கையில் கொடுப்பது கலைக்கு விரோதம் என்று நான்காம் விதி சொன்னது. உறுப்பினர்களில் கணக்கு டீச்சர் மாடியிலும் தையல்காரர் அதே வீட்டின் கீழ்த்தளத்திலும் குடியிருந்தார்கள். மாடியிலிருந்து அட்டை கீழே இறங்க ஆறு நாள் ஆயிற்று. படியில் எதிர்ப்பட்டால், "அனுப்பிட்டேன் சார், வந்துச்சா?" என்பார் டீச்சர். "இன்னும் வரலீங்க டீச்சர்" என்பார் தையல்காரர். இருவரும் தபால் இலாகாவைத் திட்டிவிட்டுப் பிரிவார்கள்.

அட்டையோடு 'அடுக்கு அறிக்கை' என்ற படிவமும் மூன்று பிரதிகளாகப் போக வேண்டும். ஆனால் அட்டையை உறையில் போட்டால் அது அஞ்சலட்டை ஆகாது. எனவே அட்டை தனியாகப் போகும். படிவம் மறுநாள் பின்னால் போகும். படிவம் வந்துசேரும்வரை அட்டையைப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு மேஜைமேல் கவிழ்த்துவைக்க வேண்டும். உறுப்பினர்கள் தபால்காரரிடம் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினார்கள். தபால்காரர் முதல் வாரம் பயந்தார். பிறகு பழகிக்கொண்டார்.

செயலாளர் என்ற முறையில் ஒட்டக்காவுக்கு வேலை குவிந்தது. பரிசோதனை நிலையத்திலிருந்து ஆறு மணிக்கு வீடு திரும்பினால், கூடத்து மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். படிவம், பிசின், கத்தரி. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ளவர்களை எல்லாம் ஏற்றி இறக்குகிறவர். வீட்டில் மனைவியை நாற்காலியிலிருந்து எழுப்ப மட்டும் அவரால் முடியவில்லை.

"சாப்பிடலாமா?"

"பிசின் காயட்டுங்க."

"சும்மா ஒரு நடை போயிட்டு வரலாமா?"

"பிசின் காயட்டும்னேனே."

அவர் அதற்குமேல் வற்புறுத்துகிற ஆள் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் நீட்டும் அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார். போகிற வருகிற வழியில் தபால் பெட்டியில் போடுவது அவர் பொறுப்பு. பேரவையின் மாபெரும் பணியில் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் அவ்வளவுதான். அதுவும் விதிகளில் எழுதப்படவில்லை.

ஒரு வருஷத்தில் பதினான்கு அட்டைகள் நிறைவு பெற்றுத் தலைவர் வீட்டு அலமாரியில் பூட்டப்பட்டன. ஆண்டு நிறைவுக் கண்காட்சிக்கு முன்னால் தணிக்கை நடத்த வேண்டும் என்று கணக்கு டீச்சர் தீர்மானம் கொண்டுவந்தார். அட்டையில் உள்ள பொருள்களை எண்ணி, படிவத்தோடு சரிபார்ப்பதுதான் தணிக்கை. பேரவைக் கூட்டம் வழக்கம்போலப் பல் மருத்துவமனையில், விடுமுறை நாளில் கூடியது.

கைக்கு முதலில் வந்த ஏழாம் அட்டையிலேயே டீச்சர் நின்றுவிட்டார்.

"படிவத்துல ஏணி ஒண்ணு, ஜன்னல் மூணு, மீன் ரெண்டு, ஆள் இல்லை. சரியா?"

"சரி" என்றார் தலைவர்.

"அட்டையில ஏணி ஒண்ணு, ஜன்னல் மூணு, மீன் ரெண்டு." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆள் ஒண்ணு."

அட்டையைப் பல் சிகிச்சை நாற்காலியில் படுக்கவைத்து, மேலேயிருந்த பெரிய விளக்கைப் போட்டார்கள். வாயைத் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி. பல் டாக்டரம்மா உருப்பெருக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஏணியின் கடைசிப் படியில், நகக்கண் அளவில், பால்பாயின்ட் பேனாவால் வரைந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

மற்ற அட்டைகளும் ஒவ்வொன்றாக நாற்காலி ஏறின. பதினான்கில் ஒன்பதில் அந்த ஆள் இருந்தார். மூன்றாம் அட்டையில் குடை பிடித்துக்கொண்டு, கையில் இன்னொரு குடையோடு நின்றார். பத்தாம் அட்டையில் ஒரு ஜன்னலை வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் அட்டையில் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார்; எதிரே இரண்டு தட்டுகள், ஒன்று மூடியிருந்தது.

இத்தனை மாதம் யாருடைய கண்ணிலும் படாதது எப்படி என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. அட்டை வந்ததும் ஒவ்வொருவரும் தமது அடுக்குக்கு எங்கே இடம் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். நிறைவுற்ற அட்டையில் தமது அடுக்கு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். கூட்டுக் கலையின் ஒழுக்கம் அப்படிப்பட்டது.

"ஊடுருவல்" என்றார் தலைவர்.

"ஆனா இந்தப் பதினாலு அட்டையிலயும் உயிரோட இருக்கிறது இந்த ஆள் ஒருத்தர்தான்" என்று முணுமுணுத்தார் பல் டாக்டரம்மா.

"அது குற்றத்தின் கனத்தைக் கூட்டுது, குறைக்கலை" என்றார் தலைவர்.

"சட்டை அளவு சரியில்லீங்க. இடது தோள் இறங்கியிருக்கு" என்றார் தையல்காரர்.

கணக்கு டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆழ்ந்த குரலில் சொன்னார்: "நவீன மனிதனின் காத்திருப்பு இது. யாருக்காகக் காத்திருக்கிறான்ங்கிறது முக்கியமில்லை."

"முக்கியமில்லையா?" என்று கேட்டாள் ஒட்டக்கா. அதுவரை மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து விளக்கின் கீழே குனிந்தாள். இடது தோளில் கனமான பை. அதனால்தான் தோள் இறங்கியிருந்தது. காதிடுக்கில் ஒரு டெஸ்டர். அவள் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அத்தனை குப்பி ரத்தத்தைப் பார்த்தவளுக்குத் தன்னுடையது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஏழு நாளுக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சு அறிக்கை கொடுங்க, ஒட்டக்கா" என்று தலைவர் உத்தரவிட்டார்.

கண்டுபிடிக்க ஏழு நாள் ஆகவில்லை. ஒன்பதாம் நம்பர் பஸ் பிடித்து இறங்கினால் வீடு. கணவர் தொட்டியடியில் நின்று கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த ஆள் யாரு?"

"எந்த ஆளு?"

"காதுல டெஸ்டர் வச்சிருக்கிற ஆளு."

அவர் சோப்புக் கையோடு காதைத் தொட்டுப் பார்த்தார். டெஸ்டர் அங்கேயே இருந்தது. மறுப்பதற்கு வழியில்லை.

"லிஃப்ட்டு நடுவுல நின்னு போச்சுன்னா, கரண்ட்டு வர்றவரைக்கும் உள்ளேயே உக்காந்திருக்கணும். பையில உன் கார்டு இருக்கும். எடுத்துப் பாப்பேன். ஏணி, ஜன்னல், மீன்னு எல்லாம் இருக்கும். ஆள் ஒருத்தரும் இல்லையேன்னு தோணும். போட்டுவைப்பேன்."

"பேரவையில கேள்வி வந்துடுச்சு. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"சேர்ந்து செய்யறதுதான் கலைன்னு நீதானே சொன்ன?"

"சேர்ந்துன்னா... எல்லாரோடவும் இல்லீங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் இல்லை. பழுதான இடத்தைக் காட்டுகிற மெக்கானிக்கின் குரலில்தான் பேசினார்.

"சாப்பிட வான்னா பிசின் காயட்டும்ங்கற. பேச வான்னா பிசின் காயட்டும்ங்கற. ஒரு நாள் அந்த டப்பாவை எடுத்து, மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பாத்தேன். அஞ்சு நிமிஷத்துல காயும்னு போட்டிருக்கு."

ஒட்டக்கா மேஜையைப் பார்த்தாள். பிசின் டப்பா அவளைப் பார்த்தது. நாளுக்கு அறுநூறு குப்பியின் லேபிளையும் கவனித்த கண்கள் இந்த ஒரு வரியை மட்டும் படித்ததில்லை.

டப்பாவை மூடி ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: "அஞ்சாவது கார்டுல ரெண்டு தட்டு இருக்கே. ஒண்ணு ஏன் மூடியிருக்கு?"

"அது உன்னுது" என்றார் அவர்.

அன்றைக்கு இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஒரு வருஷமாக அவர் தனியாகச் சாப்பிட்ட பக்கம் மேஜையின் ஜன்னல் ஓரம் என்பதையும், அங்கே உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும் என்பதையும் அவள் அப்போதுதான் கவனித்தாள்.

ஏழாம் நாள் பேரவை கூடியது. ஒட்டக்கா எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள்: "ஆள் கிடைச்சாச்சு. என் வீட்டுக்காரர். அவரையும் பேரவையில சேத்துக்கணும்னு கேட்டுக்கறேன்."

தலைவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். "விதி இருபத்திரண்டு. உறுப்பினரின் உறவினர் உறுப்பினர் ஆக முடியாது. பாசம் நுழைஞ்சா கூட்டு உணர்வு கெட்டுடும்."

"சேக்க வேண்டாம். கார்டுல அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு ஓரமாத்தானே உக்காந்திருக்கார்."

"படிவம் இல்லாம எப்படி உக்காரலாம்?" என்றார் டீச்சர்.

ஒன்பது ஆட்களையும் அட்டைகளிலிருந்து வெட்டி அகற்றுவது என்ற தீர்மானம் வந்தது. பல் டாக்டரம்மா ஒட்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு, ஒட்டக்கா. நிஜமா. ஆனா பேரவைன்னு வந்துட்டா..." என்று சொல்லியபடியே மற்றொரு கையைத் தூக்கினார்.

"ஒருமனதாக நிறைவேறியது" என்றார் தலைவர்.

"நான் கை தூக்கலையே!"

"செயலாளரோட கை மினிட்ஸ் எழுதறதுல ஈடுபட்டிருக்கு. அந்த மாதிரி நேரத்துல தூக்கினதாகவே கருதப்படும். விதி ஒன்பது."

யார் வெட்டுவது? ஒருவரே வெட்டினால் பழி ஒருவர் தலையில் விழும். கூட்டுத் தத்துவத்துக்கு அது அடுக்காது. ஒன்பது ஆட்கள், ஒன்பது உறுப்பினர்கள். ஆளுக்கு ஓர் ஆள் என்று முடிவாயிற்று. தையல்காரரின் கத்தரியும் பல் டாக்டரம்மாவின் மெல்லிய பிளேடும் கைமாறின. அந்த மாலையில் பேரவை காட்டிய ஒற்றுமையை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. அட்டையைப் பிடிக்க ஒருவர், விளக்கைத் திருப்ப ஒருவர், "மெதுவா, காது பக்கம் மெதுவா" என்று சொல்ல ஒருவர். ஓர் அட்டை முடிய மூன்று மாதம் எடுத்துக்கொண்ட பேரவை, எட்டு ஆட்களை நாற்பது நிமிஷத்தில் முடித்தது.

ஒன்பதாவது ஒட்டக்காவின் முறை. ஐந்தாம் எண் அட்டை. அவள் பிளேடை வாங்கி மேஜையில் வைத்தாள். அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். தட்டில் கிடந்த எட்டு ஆட்களையும் பொறுக்கி, பைக்குள் கிடந்த காலிக் குப்பி ஒன்றில் போட்டு மூடினாள்.

"பேரவையில தனிச்சொத்துன்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார் தலைவர்.

"அப்ப நானும் பேரவையில கிடையாது சார்."

"ராஜினாமாவை நேர்ல ஏத்துக்க முடியாது. தபால்ல வரணும்."

அன்று இரவு ஒட்டக்கா குப்பியைக் கவிழ்த்து எட்டு ஆட்களையும் மேஜையில் வரிசையாக நிறுத்தினாள். கணவர் குனிந்து பார்த்தார்.

"எட்டுப் பேரா? ஒருத்தனைக் கவனிக்கவே உனக்கு நேரமில்லே."

அவள் சிரித்தாள். பல்செட் சிரித்துக்கொண்டு வந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சிரிப்பது அன்றைக்குத்தான். ராஜினாமாவை ஒரு வெற்று அட்டையில் இரண்டே வரியில் எழுதி, தபாலில் போடச் சொல்லி அவரிடம் கொடுத்தாள். மறுநாள் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. ராஜினாமா தலைவரிடம் போய்ச் சேர்ந்தபோது அதன் மூலையில் டெஸ்டர் வைத்த ஒரு மனிதரும் கழுத்து நீண்ட ஒரு பெண்ணும் கைகோத்து நின்றார்கள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் ராஜினாமாவில் அறிக்கையில் காட்டப்படாத இரு உருவங்கள் காணப்படுகின்றன. ஆகவே இது ராஜினாமா ஆகாது, கலைப்படைப்பு ஆகும். இதைப் பரிசீலிக்க மூவர் குழு அமைக்கப்பட்டுள்ளது. குழு முடிவெடுக்கும்வரை தாங்கள் உறுப்பினராக நீடிப்பதில் பேரவை மகிழ்ச்சி அடைகிறது.'

கண்காட்சி நூலகத்தின் பெரிய அறையில் நடந்தது. உறுப்பினராக நீடித்துக்கொண்டிருந்த ஒட்டக்கா கணவரோடு பொதுமக்களில் ஒருத்தியாகப் போனாள். சுவரில் பதின்மூன்று அட்டைகள். முழு அட்டைகள் ஐந்தின் முன்னால் யாரும் இல்லை. ஓட்டை விழுந்த எட்டின் முன்னால் நிற்க இடமில்லை. ஒவ்வோர் ஓட்டைக்கும் பின்னால் தலைவர் ஒரு சிறிய விளக்கை வைக்கச் சொல்லியிருந்தார். மங்கிய ஏணியும் வெளிறிய மீன்களும் சூழ, மனித வடிவில் வெளிச்சம் உட்கார்ந்திருந்தது.

"இல்லாதவரை எவ்வளவு துல்லியமாகச் செதுக்கியிருக்கிறார்கள்!" என்று ஒரு கலை விமர்சகர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். குனிந்து பார்ப்பதற்காகத் தமக்கு முன்னால் நின்ற லிஃப்ட் மெக்கானிக்கைக் கொஞ்சம் நகரச் சொன்னார். அவர் நகர்ந்துகொண்டார்.

சிறந்த கூட்டுப் படைப்புக்கான பரிசு அந்த எட்டு ஓட்டைகளுக்கும் கிடைத்தது. சான்றிதழில் ஒன்பது உறுப்பினர்களின் பெயரும் இருந்தது. ஒட்டக்கா தன் பெயரை அடிக்கச் சொன்னாள். சான்றிதழில் அடித்தல் திருத்தல் கூடாது என்றார்கள்.

தலைவர் மேடை ஏறினார். "எந்த மீன் யாருடையது, எந்த ஜன்னல் யாருடையதுன்னு எங்களுக்குள்ள இன்னிக்கும் சண்டை உண்டு. ஆனா இந்த ஓட்டையைப் பத்தி ஒரு சண்டையும் கிடையாது. இதை மட்டும்தான் நாங்க எல்லாரும் உண்மையிலேயே சேர்ந்து செஞ்சோம். அடுத்த வருஷமும் இதே முறையைத் தொடரப்போறோம். அகற்றத் தகுந்த ஆளுக்காக உறுப்பினர்கள் வெளியே அலைய வேண்டாம். அவங்கவங்க வீட்டுலேயே பாத்துக்கலாம். வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

யாரும் திடுக்கிடவில்லை. யாரைச் சொல்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. உறுப்பினர்கள் மட்டுமல்ல, பார்க்க வந்தவர்களும், ஆளாளுக்கு மனசுக்குள் ஒரு பெயரைத் தயாராக வைத்திருந்தவர்கள்போல, எழுந்து நின்று கைதட்டினார்கள்.